காதலிக்க நேரமில்லை (திரைப்படம்)

காதலிக்க நேரமில்லை 1964 ஆம் ஆண்டு வெளிவந்த தமிழ் நகைச்சுவைத் திரைப்படமாகும். சி. வி. ஸ்ரீதர் இயக்கிய இப்படத்தில் டி. எஸ். பாலையா, முத்துராமன், ரவிச்சந்திரன், நாகேஷ், காஞ்சனா, ராஜஸ்ரீ ஆகியோர் முதன்மை வேடங்களில் நடித்துள்ளனர். தன் இரு மகள்களையும் செல்வந்தர் வீட்டில் மணம் செய்து கொடுக்க விரும்பும் ஒரு தந்தையையும், அவரை ஏமாற்றித் திருமணத்துக்கு இணங்க வைக்க முயலும் இளைஞர்களையும் பற்றிய கதை இது. தற்காலச் சமூகத்தைக் களமாகக் கொண்டு ஈஸ்ட்மன் வண்ணத்தில் எடுக்கப்பட்ட முதல் தமிழ்ப்படமாக இது குறிப்பிடப்படுகின்றது.

படம் பற்றிய விபரங்கள்

- இயக்கம்: சி. வி. ஸ்ரீதர்
- தயாரிப்பு: சித்ராலயா
- கதை, வசனம்: ஸ்ரீதர், சித்ராலயா கோபு
- இசை: விஸ்வநாதன் - ராமமூர்த்தி
- பாடல்கள்: கண்ணதாசன்
- ஒளிப்பதிவு: ஏ. வின்சென்ட்
- வெளியீடு: 27 பெப்ரவரி 1964
- மொழி: தமிழ்

கதைச்சுருக்கம்

விஸ்வநாதன் (பாலையா) சின்னமலை என்னும் ஊரில் பெரிய எஸ்டேட்டின் உரிமையாளர். மனைவியை இழந்தவர். காஞ்சனா, நிர்மலா என்னும் இரு மகள்களும் செல்லப்பா (நாகேஷ்) என்னும் மகனும் அவருக்கு உண்டு. மகள்களுக்குப் பணக்கார வரன்கள் அமைய வேண்டும் என்பதே அவரது ஒரே கவலை. செல்லப்பாவோ 'ஓஹோ புரொடக்ஷன்ஸ்' என்ற பெயரில் திரைப்பட நிறுவனம் தொடங்கி, தந்தையின் பணத்தில் படம் எடுக்கத் துடிக்கிறான். எஸ்டேட் மேலாளரின் மகள் மீனாட்சியைத் தன் படத்தின் கதாநாயகியாக்குகிறான்.

எஸ்டேட்டில் பணிபுரியும் அசோக் (ரவிச்சந்திரன்) நடுத்தரக் குடும்பத்து இளைஞன். விஸ்வநாதனின் மகள்களுடன் ஏற்பட்ட சச்சரவால் வேலையை இழக்கிறான். முதலாளியின் வீட்டுக்கு எதிரிலேயே கூடாரம் அடித்து, இழந்த வேலையைத் திரும்பக் கேட்டுப் போராட்டம் நடத்துகிறான். இதற்கிடையே அசோக்கும் நிர்மலாவும் காதலிக்கத் தொடங்குகின்றனர். விஸ்வநாதனின் சம்மதத்தைப் பெறுவதற்காக, தான் சிதம்பரம் என்னும் கோடீசுவரரின் ஒரே மகன் என்று அசோக் பொய் கூறுகிறான். அப்பொய்யைக் காப்பாற்றத் தன் நண்பன் வாசுவை (முத்துராமன்) முதியவர் வேடமிட்டு, சிதம்பரமாக வரச் செய்கிறான். அதுவரை அசோக்கை விரட்டிய விஸ்வநாதன், அவன் பணக்காரன் என்று நம்பியதும் உபசரிக்கத் தொடங்குகிறார்.

வாசு சென்னையில் ஏற்கனவே காதலித்து வந்த பெண், விஸ்வநாதனின் மூத்த மகள் காஞ்சனாவே என்பது இங்கு வந்த பிறகு தெரிகின்றது. வாசு உண்மையிலேயே செல்வந்தரின் மகன். அவனது தந்தை சச்சிதானந்தம் (வி. எஸ். ராகவன்) விஸ்வநாதனின் பழைய நண்பர். இரு தந்தையரும் தம் பிள்ளைகள் காதலிப்பதை அறியாமல் அவர்களுக்கிடையே சம்பந்தம் பேச முற்படுகின்றனர். பொய்த் தந்தையும் மெய்த் தந்தையும் ஒரே வீட்டுக்கு வந்து சேர்வதால் ஏற்படும் குழப்பத்தில் வேடம் கலைகின்றது. முடிவில் விஸ்வநாதன் உண்மையை ஏற்று, பிள்ளைகளின் திருமணங்களுக்குச் சம்மதிக்கிறார்.

நடிகர்கள்

- டி. எஸ். பாலையா - விஸ்வநாதன்
- முத்துராமன் - வாசு
- ரவிச்சந்திரன் - அசோக்
- நாகேஷ் - செல்லப்பா
- காஞ்சனா - காஞ்சனா
- ராஜஸ்ரீ - நிர்மலா
- சச்சு - மீனாட்சி
- வி. எஸ். ராகவன் - சச்சிதானந்தம்

பின்னணி

ஸ்ரீதர் 1933 இல் மதுராந்தகத்தை அடுத்த சித்தாமூர் கிராமத்தில் பிறந்தவர். உத்திரமேரூர், மதுராந்தகம், சித்தாமூர் ஆகிய ஊர்கள் அனைத்தும் அக்காலத்தில் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தன. 1997 இல் அம்மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரிந்தபோது இவை காஞ்சிபுரம் மாவட்டத்தின் கீழ் வந்தன. 2019 இல் செங்கல்பட்டு மீண்டும் தனி மாவட்டமானபோது, உத்திரமேரூர் காஞ்சிபுரத்திலேயே நீடிக்க, மதுராந்தகமும் சித்தாமூரும் புதிய மாவட்டத்துக்குச் சென்றன.

படத்தின் நகைச்சுவை வசனங்களில் பெரும் பங்கு வகித்த கோபு, செங்கல்பட்டில் ஸ்ரீதருடன் பள்ளியில் படித்த நண்பர். ஸ்ரீதரின் சித்ராலயா நிறுவனத்தில் பணியாற்றியதால் 'சித்ராலயா' கோபு என அழைக்கப்பட்டார். பின்னர் காசேதான் கடவுளடா (1972) படத்தை எழுதி இயக்கியவரும் இவரே. இரு நண்பர்களும் சென்னை மெரீனா கடற்கரையில் அமர்ந்து பேசி இப்படத்தின் கதையை உருவாக்கினர்.

அதுவரை ஸ்ரீதர் பெரிதும் சோகக் கதைகளுக்காகவே அறியப்பட்டிருந்தார். கல்யாண பரிசு (1959), நெஞ்சில் ஓர் ஆலயம் (1962) ஆகியவை காதலின் இழப்பைப் பேசியவை. சித்ராலயாவின் முதற்படமான தேன் நிலவு (1961) இலகுவான காதல் கதையாக இருந்தபோதும், முழுநீள நகைச்சுவைப் படம் என்பது ஸ்ரீதருக்குப் புதிய முயற்சியாகும். தமிழில் சபாபதி (1941), கல்யாணம் பண்ணியும் பிரம்மச்சாரி (1954), மிஸ்ஸியம்மா (1955), அடுத்த வீட்டுப் பெண் (1960) போன்ற நகைச்சுவைப் படங்கள் முன்னரே வந்திருந்தன. எனினும், பெரும்பாலான படங்களில் நகைச்சுவை என்பது முதன்மைக் கதைக்கு அருகில் தனியாக ஓடும் கிளைக்கதையாகவே இருந்தது.

கல்யாண பரிசுடன் ஒப்பீடு

இப்படத்தைக் கல்யாண பரிசுடன் சேர்த்துப் பார்க்கும்போது ஸ்ரீதர் செய்த மாற்றம் தெளிவாகப் புலப்படும். இரண்டு படங்களிலும் கதையின் மையம் இரு சகோதரிகளின் திருமணமே. கல்யாண பரிசில் தன் காதலனை அக்காவும் விரும்புகிறாள் என்று அறியும் தங்கை, தன் காதலைத் துறந்து அவர்களுக்கு மணம் முடித்து வைக்கிறாள். குடும்பத்துக்காக ஒருவர் விட்டுக்கொடுப்பதே அங்கு தீர்வு. அத்தீர்வினால் மூவரின் வாழ்வும் சிதைகின்றது. காதலிக்க நேரமில்லை படத்தில் எந்தச் சகோதரியும் எதையும் துறப்பதில்லை. விட்டுக்கொடுக்க வேண்டியவர் தந்தை மட்டுமே.

இன்னொரு தொடர்பும் உண்டு. கல்யாண பரிசின் கிளைக்கதையில் தங்கவேலு ஏற்ற சம்பந்தம் என்னும் பாத்திரம், மன்னார் அண்ட் கம்பெனியில் வேலை பார்ப்பதாகவும், எழுத்தாளர் பைரவன் தானே என்றும் பொய் சொல்லி மனைவியிடம் மதிப்புத் தேடிக்கொள்ளும். இல்லாத தகுதியைச் சொல்லி உறவினரிடம் மரியாதை பெறும் இந்த உத்தி அங்கு சிரிப்புக்காக வந்து போவது. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் அதே உத்தி முதன்மைக் கதையின் இடத்துக்கு வந்துவிட்டது. சோகக் கதை துணைப்பாத்திரங்களுக்கு விட்டுவைத்திருந்த பொய்யைக் கதாநாயகனின் கையில் கொடுத்தார் ஸ்ரீதர் எனலாம்.

கருப்பொருள்

கதை நகைச்சுவையானது எனினும் அது தொட்டுச் செல்லும் விடயம் எளிதானதன்று. வரன் பார்க்கும்போது மணமகனின் குணத்தைவிடச் சொத்தையே அளவுகோலாகக் கொள்வது படம் வெளிவந்த காலத்தில் பரவலாக விவாதிக்கப்பட்டது. வரதட்சணை கொடுப்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கிய வரதட்சணைத் தடைச் சட்டம் 1961 இல் இயற்றப்பட்டிருந்தது. இந்து வாரிசுரிமைச் சட்டம் (1956) தந்தையின் தனிச் சொத்தில் மகள்களுக்கும் பங்கு அளித்திருந்தது. மகளின் திருமணம் என்பது குடும்பச் சொத்தின் கணக்கோடு நெருங்கிப் பிணைந்திருந்த காலம் அது.

படம் இதைப் பிரசாரமாகச் சொல்லவில்லை. அசோக்கின் முகமோ, படிப்போ, பேச்சோ மாறாத நிலையில், அவன் தந்தை கோடீசுவரர் என்ற ஒரு செய்தி மட்டுமே விஸ்வநாதனின் நடத்தையை மாற்றுகின்றது. மரியாதை ஆளுக்கா, பணத்துக்கா என்ற கேள்விக்கு இதைவிட எளிய விளக்கம் தேவையில்லை. பணக்காரர் என்பதும் ஒட்டு மீசையைப் போல ஒரு வேடமாக ஆகிவிடுகின்றது.

அதே வேளையில் கதை ஒரு பாதுகாப்பையும் வைத்துக்கொண்டுள்ளது. மூத்த மகளைக் காதலிப்பவன் உண்மையிலேயே செல்வந்தர் வீட்டுப் பிள்ளை. எனவே தந்தையின் ஆசையில் பாதி நிறைவேறுகின்றது. மீதிப் பாதியில்தான் அவர் மனம் மாற வேண்டியுள்ளது. சாதி பற்றியும் கதை எதுவும் பேசுவதில்லை. இத்தகைய வரையறைகளுக்குள் நின்றதால்தான் படத்தில் வில்லன் என்று ஒருவர் தேவைப்படவில்லை. விஸ்வநாதன் பேராசை கொண்டவர். ஆயினும் மகள்கள் மீது பாசம் உள்ளவர். பார்வையாளர் அவரைக் கண்டு சிரிக்கின்றனரே தவிர வெறுப்பதில்லை.

உலக நாடக மரபில் இணைகள்

செல்வந்தத் தந்தையை ஏமாற்றப் பொய்யான பணக்காரத் தகப்பனைக் கொண்டுவரும் உத்தி மிகப் பழமையானது. இத்தாலியக் கவிஞர் அரியோஸ்தோ 1509 இல் அரங்கேற்றிய நகைச்சுவை நாடகத்தில் இது இடம்பெற்றுள்ளது. சேக்சுபியரின் 'அடங்காப்பிடாரியை அடக்குதல்' நாடகத்திலும் பாதுவா நகரச் செல்வந்தர் ஒருவருக்கு இரு மகள்கள். இளையவளை மணக்க விரும்புவோர் வேடமிட்டு வருகின்றனர். மணமகனின் தந்தையாக நடிக்க ஒருவர் அமர்த்தப்படுகிறார். பின்னர் உண்மைத் தந்தையே வந்து நிற்கிறார். இந்நாடகத்தின் மற்றொரு பகுதியான கணவன் மனைவி மோதல், சிவாஜி கணேசனும் பானுமதியும் நடித்த அறிவாளி (1963) என்ற தமிழ்ப்படத்தில் பயன்படுத்தப்பட்டது. இவ்விணைகள் கதை அமைப்பு சார்ந்தவை மட்டுமே. காதலிக்க நேரமில்லை படத்தின் பாத்திரங்களும் பேச்சும் முற்றிலும் தமிழ்ச் சூழலில் உருவானவை.

தயாரிப்பு

ரவிச்சந்திரனுக்கும் காஞ்சனாவுக்கும் இதுவே முதற்படம். ரவிச்சந்திரன் மலேயாவிலிருந்து வந்து திருச்சிராப்பள்ளியில் படித்தவர். வசுந்தரா தேவி என்னும் இயற்பெயர் கொண்ட காஞ்சனா விமானப் பணிப்பெண்ணாக இருந்தவர். உச்ச நட்சத்திரங்கள் எவரும் இல்லாமல், புதுமுகங்களையும் குணச்சித்திர நடிகர்களையும் நம்பி வண்ணப்படம் எடுத்தது அக்காலத்தில் துணிச்சலான செயலாகும்.

தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான அலிபாபாவும் 40 திருடர்களும் (1956) கேவா வண்ணத்தில் எடுக்கப்பட்டது. அதன் பின்னரும் செலவு காரணமாக வண்ணம் பெரும்பாலும் புராண, வரலாற்று, மாயாசாலக் கதைகளுக்கே ஒதுக்கப்பட்டது. அரண்மனைகளும் அணிகலன்களும் இல்லாத சமகாலக் கதைக்கு வண்ணம் தேவையா என்ற தயக்கம் இருந்தது. கடற்கரை, மலைச்சாரல், அணைக்கட்டு, நாகரிக உடைகள், மோட்டார் வண்டிகள் ஆகியவற்றையே காட்சிப்பொருளாக்கி வின்சென்ட்டின் ஒளிப்பதிவு அத்தயக்கத்தைப் போக்கியது. படத்தின் சில பகுதிகள் பொள்ளாச்சியை அடுத்த ஆழியாறு அணைப் பகுதியிலும், ஒரு பாடல் மெரீனா கடற்கரையிலும் படமாக்கப்பட்டன.

கதை சொல்லும் காட்சி

இப்படத்தில் மிகவும் புகழ்பெற்றது, செல்லப்பா தான் எடுக்கவிருக்கும் திகில் படத்தின் கதையைத் தந்தைக்குச் சொல்லும் காட்சியாகும். நாகேஷ் கைகளாலும் கண்களாலும் குரல் ஒலிகளாலும் மட்டுமே காட்டையும் இருளையும் பேயையும் உருவாக்குகிறார். எதிரில் அமர்ந்திருக்கும் பாலையா ஏறக்குறைய எதுவும் பேசுவதில்லை. அவரது முகத்தில் சலிப்பு ஆர்வமாகி, ஆர்வம் அச்சமாகி வளர்வதே காட்சியின் நகைச்சுவை. சதி லீலாவதி (1936) காலந்தொட்டு வில்லன் வேடங்களில் மிரட்டியவர் பாலையா என்பதால், அவர் பயந்து நடுங்குவது அன்றைய இரசிகர்களுக்குக் கூடுதல் சுவை அளித்தது.

பாடல்கள்

பாடல்கள் அனைத்தையும் கண்ணதாசன் எழுதினார். வேலை கேட்டுக் கூடாரத்தின் முன் பாடும் 'மாடி மேலே மாடி' பாடலை பி. பி. ஸ்ரீநிவாஸ் குழுவினருடன் பாடினார். தொழிலாளர் போராட்ட முழக்கத்தை மேற்கத்திய ஆட்ட இசையில் அமைத்த பாடல் இது. 'என்ன பார்வை' பாடலை கே. ஜே. யேசுதாஸ், பி. சுசீலா இணைந்து பாடினர். யேசுதாஸின் தொடக்ககாலத் தமிழ்ப் பாடல்களுள் இதுவும் ஒன்று. வாசு முதியவர் வேடத்தில் பாடும் தலைப்புப் பாடலுக்குச் சீர்காழி கோவிந்தராஜனின் கம்பீரமான குரல் பயன்படுத்தப்பட்டது. 'நாளாம் நாளாம்' பாடலை பி. பி. ஸ்ரீநிவாஸ், பி. சுசீலா பாடினர்.

வரவேற்பும் மறு ஆக்கங்களும்

படம் 175 நாட்களுக்கு மேல் ஓடி வெள்ளி விழாக் கண்டது. இப்படம் பின்வரும் மொழிகளில் மீண்டும் எடுக்கப்பட்டது:

- தெலுங்கு: பிரேமிஞ்சி சூடு (1965) - பி. புல்லையா இயக்கத்தில் அக்கினேனி நாகேஸ்வர ராவ் நடித்தது.
- இந்தி: பியார் கியே ஜா (1966) - ஸ்ரீதரே இயக்கியது. சசி கபூர், கிஷோர் குமார், மும்தாஜ், மெஹ்மூத், ஓம் பிரகாஷ் ஆகியோர் நடித்தனர். நாகேஷின் வேடத்தை ஏற்ற மெஹ்மூத் சிறந்த நகைச்சுவை நடிகருக்கான பிலிம்பேர் விருது பெற்றார்.
- கன்னடம்: பிரீதி மாடு தமாஷே நோடு (1979) - சி. வி. ராஜேந்திரன் இயக்கியது.
- மராத்தி: தூம் தடாகா (1985) - மகேஷ் கோட்டாரே இயக்கியது.

மொழிகள் மாறியபோதும் கதையின் அடிப்படை பெரிதும் மாற்றப்படவில்லை. பணக்கார மாப்பிள்ளை தேடும் தந்தை எல்லா ஊர்களிலும் அடையாளம் காணக்கூடியவராக இருந்ததே இதற்குக் காரணம். இதே தலைப்பில் கிருத்திகா உதயநிதி இயக்கத்தில் 2025 இல் வெளிவந்த தமிழ்ப்படம் வேறு கதையைக் கொண்டது.

இவற்றையும் பார்க்க

- சி. வி. ஸ்ரீதர்
- கல்யாண பரிசு
- டி. எஸ். பாலையா
- நாகேஷ்
- சித்தாமூர்