பொட்டலில் ஏழு நாள்

சரளைக்கல் மலைப்பாதையில் நாள்கணக்கில் சைக்கிள் ஓட்டிப் பந்தயம் நடத்துவதை இப்போது புது விளையாட்டு மாதிரிப் பேசுகிறார்கள். அதற்கென்றே தடித்த டயர், வளைந்த ஹேண்டில்பார், லட்ச ரூபாய்க்கு மேல் விலை வைத்த வண்டி எல்லாம் வந்துவிட்டன. விடுமுறை நாள் விடியற்காலையில் மதுரைப் பையன்கள் அப்படிப்பட்ட வண்டிகளில் எங்கள் உசிலம்பட்டி வழியே தேனி ரோட்டைப் பிடித்துப் போகிறார்கள், போடிமெட்டு ஏற. சிலர் என் கடையில் காற்றடிக்க நிறுத்துவார்கள். அந்த மெல்லிய வால்வை என் பம்பின் வாய் கவ்வாது. “அண்ணே, அடாப்டர் இருக்கா?” என்று கேட்பவர்களுக்காகவே ஒரு பித்தளைத் துண்டு வாங்கி டிராயரில் போட்டிருக்கிறேன்.

சந்தைக்குப் போகும் வழியில் என் அய்யா திறந்த கடை இது. பஞ்சர் ஒட்டுவதற்கும் கோட்டம் எடுப்பதற்கும் நடுவே பழைய பந்தயக் கதைகளைப் படிப்பது என் பழக்கம். படித்தவரை எனக்கு ஒன்று உறுதிப்பட்டிருக்கிறது. பல நாள் சைக்கிள் ஓட்டம் எந்த நாட்டிலும் காசு சேரும் இடம் பார்த்துத்தான் பிறந்தது. எங்கள் பக்கம் கண்ணுக்கெதிரே மலை நின்றும் அந்த ஓட்டம் பொட்டலிலேயே சுற்றியதற்குக் காரணமும் அதுதான்.

வெளியூர்க் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1878 பிப்ரவரியில் லண்டன் இஸ்லிங்டனில், வேளாண் கண்காட்சி மண்டபத்துக்குள், டேவிட் ஸ்டான்டன் என்பவர் ஆறு நாளில் ஆயிரம் மைல் ஓட்டிக் காட்டுவதாக 100 பவுன் பந்தயம் கட்டினார். முன்சக்கரம் நெஞ்சுயரம் நிற்கும் அந்தக் காலத்து வண்டியில் சொன்னதைச் செய்தும் காட்டினார். ஆறு நாள் என்று வைத்ததற்குக் காரணம் ஞாயிற்றுக்கிழமை. அன்று அங்கே கேளிக்கை கூடாது. 1891-இல் இந்த வழக்கம் நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கத்துக்குப் போனது. தூக்கம் கெட்டு, இல்லாததையெல்லாம் கண்டு பிதற்றிக்கொண்டு ஓட்டுகிறவனைப் பார்க்க ஜனம் டிக்கெட் வாங்கியது. 1898-இல் அந்த மாநில அரசே தலையிட்டு, ஒருவர் ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்று சட்டம் போட்டது. அரங்கக்காரர்கள் அசரவில்லை. ஓர் அணிக்கு இரண்டு பேர், ஒருவர் ஓட்டும்போது இன்னொருவர் ஓய்வு என்று மாற்றி, 24 மணி நேரமும் காட்சியை நடத்தினார்கள். இருவர் அணிப் பந்தயத்துக்கு இன்றைக்கும் மாடிசன் என்றே பெயர்.

பந்தயம் ரோட்டுக்கு வந்த கதையும் வியாபாரக் கதைதான். பிரான்சில் ‘லோட்டோ’ என்ற விளையாட்டுப் பத்திரிகை விற்பனையில் திணறியது. அதன் ஆசிரியர் ஆன்ரி தெகிரான்ஜ் 1903 ஜூலையில் நாட்டைச் சுற்றி ஆறு கட்டமாக 2,428 கிலோமீட்டர் பந்தயம் வைத்தார். புறப்பட்டவர்கள் 60 பேர், முடித்தவர்கள் 21 பேர். 25 ஆயிரம் பிரதி விற்ற பத்திரிகை 65 ஆயிரத்துக்கு ஏறியது. அதுதான் டூர் தெ பிரான்ஸ். வருடா வருடம் புதுசாக எதையாவது காட்டினால்தான் பத்திரிகை விற்கும். ஆகவே 1910-இல் பந்தயத்தைப் பிரனீஸ் மலைக்கு ஏற்றினார்கள். 326 கிலோமீட்டர் கொண்ட ஒரே கட்டத்தில் பல கணவாய்கள், அவற்றில் 2,115 மீட்டர் உயர தூர்மாலேயும் ஒன்று. பாதையில் தார் கிடையாது. மண்ணும் உருண்டைக் கல்லும் ஆட்டுப் புழுக்கையும்தான். இன்றைக்குக் கிராவல் என்று தேடிப் போகிற பாதை, அன்றைக்கு இருந்த ஒரே பாதை. அந்தக் கட்டத்தை வென்ற ஒக்தாவ் லாப்பீஸே ஏற்றத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தவர்தான்.

தொழில்காரனாக எனக்குப் பிடித்த ஆள் யூஜென் கிரிஸ்தோஃப். 1913-இல் அதே தூர்மாலே இறக்கத்தில் அவருக்கு முன்ஃபோர்க் ஒடிந்தது. வேறு வண்டி வாங்கக் கூடாது, பிறர் உதவி கூடாது என்பது விதி. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்து, அடிவார ஊரில் கொல்லுப்பட்டறையைக் கண்டுபிடித்து, தானே இரும்பைக் காய்ச்சி அடித்து ஃபோர்க்கை ஒட்டவைத்தார். நடுவர்கள் பக்கத்திலேயே நின்று பார்த்தார்கள். துருத்தி ஊத ஒரு பையன் கைகொடுத்தான் என்பதற்காக அவருக்குத் தண்டனை நேரமும் போட்டார்கள். பல்சக்கரம் மாற்றும் கியரை அந்தப் பந்தயத்தில் அனுமதித்ததே 1937-இல்தான். ஆள் எவ்வளவு பாடுபடுகிறானோ அவ்வளவு செய்தி, அவ்வளவு விற்பனை.

இனி எங்கள் பக்கம். என் தாத்தா காலத்தில் இந்த வட்டாரத்துப் பிரமலைக் கள்ளர் ஆண்களின் கைரேகையைப் போலீஸ் பதிந்து வைத்திருந்தது. குற்றப் பரம்பரைச் சட்டத்தின்படி, வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். இரவானால் காவல் நிலையத்திலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று நடந்த துப்பாக்கிச்சூட்டில் 16 பேர் இறந்தார்கள். அந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் நீங்கியது 1947-இல். அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆலை தொடங்கியது 1949-இல். நடமாடவே சீட்டுக் கேட்ட ஊரில், நாலு ஊர் கடந்து சந்தைக்குப் போய் இருட்டுக்குள் வீடு திரும்ப ஒரு வாகனம் கைக்கு எட்டியது. ராலேயும் ஹம்பரும் அதற்கு முன்பே மதுரையில் ஓடியிருக்கின்றன, வக்கீல்களுக்கும் மிராசுதார்களுக்கும். எங்கள் சனத்துக்கு வந்தது ஹெர்குலஸ். அதற்கும் பஞ்சாயத்தில் வருடா வருடம் வரி கட்டித் தகட்டு வில்லை வாங்க வேண்டும். டைனமோ எரியாவிட்டாலும், டபுள்ஸ் போனாலும் போலீஸ் பிடித்துக் காற்றைப் பிடுங்கிவிடும்.

அந்த வண்டியை யாரும் விளையாட்டுக்கு வாங்கவில்லை. கடைக்கு வரும் முதல் வேலையே கேரியருக்கு இரும்புப் பட்டை வைத்துப் பற்றவைப்பதும், முன்ஃபோர்க்குக்கு இரண்டு பக்கமும் கூடுதல் கம்பி கொடுப்பதும்தான். பால் கேன், மல்லிகைப்பூ மூட்டை, வாழைத்தார், விறகு, அடுப்புக்கரி. ஆண்டிபட்டிக் கணவாய் பெரிய ஏற்றம் இல்லை, ஆனால் ஆடி மாதம் மேற்கே போகிறவனுக்கு மேகாத்து நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். பாரத்தோடு வந்தவர்கள் கணவாயில் இறங்கித் தள்ளுவார்கள், திரும்பும்போது காற்றே வண்டியை ஊர் சேர்த்துவிடும்.

அதற்கு மேலே மலைக்குச் சைக்கிள் போகவில்லை. கணக்குப் போட்டால் ஏன் என்று தெரியும். நாட்டு வண்டியில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல். ஒரு முழு மிதிக்கு வண்டி ஐந்தரை மீட்டர் நகர வேண்டும். வண்டி எடையே இருபது கிலோவுக்கு மேல். போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஆயிரம் மீட்டர் ஏற வேண்டும், கொண்டைஊசி வளைவுகள் வேறு. முழங்கால் தாங்காது. இன்றைய கிராவல் வண்டியில் ஒரு மிதிக்கு இரண்டே கால் மீட்டர் நகரும்படி பல்லை மாற்றிக்கொள்ளலாம். அது தெரிந்தால் அந்தப் பையன்கள் ஏறுவதில் மாயம் ஒன்றும் இல்லை. மலைச்சரக்கு இறங்கவும் வேறு வழிகள் இருந்தன. மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேஷன் வரை சின்ன ரயிலில் வந்து, அங்கிருந்து கம்பித்தடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்குப் போனது. அந்தச் சின்ன ரயிலை 1924 வெள்ளம் அடித்துப் போனது. மதுரை–போடி ரயில் 1928-இல் வந்தது. ரோடில்லாத மலைக் கிராமங்களுக்குக் குதிரையும் கழுதையும் தலைச்சுமையும்தான். சைக்கிள் அடிவாரத்தில் காத்திருந்து சரக்கை வாங்கிக்கொண்டது.

பல நாள் ஓட்டம் எங்கே நடந்தது என்றால், ஊர்ப் பொட்டலில். எழுபது, எண்பதுகளில் எங்கள் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் நாளில் ஒரு குழு வந்து இறங்கும். காவல் நிலையத்தில் அனுமதி, ஊர்ப் பெரியவர்களிடம் தாம்பூலம். நடுவில் கம்பம் நட்டு, ட்யூப்லைட் கட்டி, குழாய் ரேடியோவில் பாட்டுப் போட்டு, சுற்றிலும் தண்ணீர் தெளித்து வட்டம் போடுவார்கள். மாலையில் ஒருவர் சைக்கிளில் ஏறுவார். மூன்று நாள், ஐந்து நாள், பெரிய ஊர் என்றால் ஏழு நாள், கால் தரையில் படாது. குளிப்பது, சட்டை மாற்றுவது, சாப்பிடுவது, சவரம் செய்வது எல்லாம் ஓட்டத்திலேயே. ராத்திரி கூட்டம் கலைந்த பிறகும் சக்கரம் நத்தையாய் நகர்ந்துகொண்டிருக்கும். நிஜமாகவே இறங்கவில்லையா என்று வேவு பார்க்க இளவட்டங்கள் துண்டை விரித்துப் பொட்டலிலேயே படுத்துக்கொள்வார்கள்.

கேரளத்தில் இதையே சைக்கிள் யஞ்ஞம் என்பார்கள். 1991-இல் வந்த ‘விஷ்ணுலோகம்’ படத்தில் மோகன்லாலுக்கு அப்படி ஊர் ஊராகப் போகும் ஆளின் வேடம்தான். ஏலத்தோட்ட வேலைக்கு இடுக்கி போய் வந்த எங்கள் ஆட்கள் இரண்டு பக்கத்து ஓட்டத்தையும் ஒப்பிட்டுப் பேசிக் கேட்டிருக்கிறேன்.

ஓட்டக்காரர் வட்டத்தில் ஏறும் முன் வண்டியை எங்கள் கடைக்குக் கொண்டுவருவார். எப்போதும் இடப்பக்கமே சாய்ந்து சுற்றுவதால் டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கும். அய்யா டயரைக் கழற்றித் திருப்பிப் போடுவார், கோனை இறுக்கி, பால்ரஸுக்குப் புது கிரீஸ் வைப்பார். “நடுராத்திரி செயின் கழண்டா கீழ எறங்காம எப்படிண்ணே மாட்டுவீக?” என்று ஒரு முறை நான் கேட்டேன். கம்பத்தை ஒரு கையால் பிடித்து, சீட்டில் உட்கார்ந்தபடியே குனிந்து மாட்டிக் காட்டினார். “வகுறு காஞ்சா வளையும்டா தம்பி” என்றார்.

ஓட்டம் மட்டும் கூட்டத்தைப் பிடித்து வைக்காது என்பது குழுவுக்குத் தெரியும். அதனால் இரவில் ரெக்கார்டு டான்ஸ், எம்.ஜி.ஆர். பாட்டுக்கு ஒருவர், சிவாஜி பாட்டுக்கு ஒருவர், பெண் வேடம் கட்டிய ஆண்கள். நெஞ்சில் ட்யூப்லைட் உடைப்பது, பல்லால் கயிற்றைக் கடித்துக் கார் இழுப்பது, குழிக்குள் புதைந்து கிடந்து எழுவது. ஓட்டக்காரர் சட்டையில் ரூபாய் நோட்டை ஊக்கால் குத்துவார்கள். கொடுத்தவர் பேரை மைக்கில் வாசிப்பதைக் கேட்கவே இன்னொருவர் கொடுப்பார். எலுமிச்சம்பழமும் சேவலும் ஏலத்துக்கு வரும். கடைசி நாள் வீடு வீடாக அரிசியும் வரும்.

மணிக்கு 6 கிலோமீட்டர் என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும் ஒரு நாளுக்கு 144, ஏழு நாளுக்கு ஆயிரம் கிலோமீட்டர் வருகிறது. நீலகிரியைச் சுற்றி 2008 டிசம்பரில் தொடங்கி ஆண்டுதோறும் நடக்கும் டூர் ஆஃப் நீல்கிரிஸ் ஓட்டத்தில் எட்டு நாளில் போகும் தூரம் ஏறத்தாழ 900 கிலோமீட்டர். அங்கே மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக 36 வளைவு ஏற வேண்டும், அது வேறு வகைப் பாடு. ஆனால் அவர்கள் ராத்திரி தூங்குகிறார்கள். பொட்டல்காரருக்குத் தூக்கமின்மைதான் ஏற்றம். பார்க்க வந்தவர்கள் காசு போட்டதும் அதற்குத்தான். லண்டனிலும் நியூயார்க்கிலும் கூரைக்கடியில் விற்ற அதே சரக்கை எங்கள் ஆள் கூரை இல்லாமல் விற்றார். வட்டத்தை விட்டு அவர் மலைக்குப் போயிருந்தால் முதல் வளைவிலேயே கூட்டம் திரும்பிவிட்டிருக்கும். பிரான்சில் மலையில் நடந்ததை மறுநாள் அச்சடித்து விற்கப் பத்திரிகை இருந்தது, இங்கே கண்ணால் பார்த்தால்தான் காசு.

பொட்டலை முடித்துவைத்தது டி.வி. எண்பதுகளின் கடைசியில் கொடைக்கானல் கோபுரத்திலிருந்து தூர்தர்ஷன் எங்கள் பக்கம் தெளிவாகத் தெரிய ஆரம்பித்தது. பிறகு டெக், கேபிள். வெள்ளிக்கிழமை ராத்திரி பொட்டலில் ஆள் குறைந்தது. காவல் நிலையங்களில் ரெக்கார்டு டான்ஸுக்குக் கெடுபிடி ஏறியது, டான்ஸ் இல்லாத ஓட்டத்துக்கு ஜனம் நிற்கவில்லை. 2005-க்குப் பிறகு அரசே பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கெல்லாம் இலவச சைக்கிள் கொடுத்தது. வீட்டுக்கு வீடு நிற்கும் வண்டியில் ஒருவர் ஏறிச் சுற்றுவது அதற்குப் பிறகு யாருக்கு அதிசயம்? என் கடையில் மணிக்கணக்கு வாடகையும் அத்தோடு நின்றது.

இமாச்சலத்தில் மண்ணும் கல்லுமான மலைப்பாதையில் நாள்கணக்கில் நடத்தும் எம்.டி.பி. ஹிமாலயா போன்ற பந்தயங்களில், பத்தாயிரம் அடி உயர ஜலோரி கணவாயை இன்று நம் பிள்ளைகள் ஏறுகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் காசு போகிற திசை மாறியிருப்பதைப் பார்க்க வேண்டும். அன்று பாடுபடுகிறவனுக்குப் பார்க்கிறவன் கொடுத்தான், சுமை இழுத்தவனுக்குச் சரக்குக்காரன் கொடுத்தான். இன்று பாடுபடுகிறவனே நுழைவுக் கட்டணம் கட்டி, லீவு போட்டு, அந்தப் பாட்டை வாங்கிக்கொள்கிறான். சாப்பாட்டுக்குக் கவலையில்லாதவன் கைக்குச் சைக்கிள் போனால்தான் மலை விளையாட்டிடம் ஆகும். உசிலம்பட்டியில் அதற்கு அறுபது, எழுபது வருடம் பிடித்திருக்கிறது. நாள்கணக்கில் சைக்கிள் ஓட்டியவர்கள் என்று இந்த வட்டாரத்தில் பட்டியல் எழுதினால், கார்பன் வண்டிப் பையன்களுக்கு மேலே பொட்டல்காரர்களின் பேர் வர வேண்டும். மெடல் வாங்கவில்லை என்பதற்காக அவர்களை வித்தைக்காரர் கணக்கில் தள்ளினால், டேவிட் ஸ்டான்டனையும் அதே கணக்கில் எழுத வேண்டியிருக்கும்.