மாங்காய் மாலை வந்த வழி

சென்னையிலிருந்து திருப்பதிக்குப் பேருந்தில் போகிறவர்களில் பலர் திருத்தணி தாண்டியதும் கண்ணயர்ந்துவிடுவார்கள். நகரி வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. 1960-இல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது, நகரியும் புத்தூரும் ஆந்திரத்திலேயே தங்கிவிட்டன. கடைப் பலகையில் தெலுங்கு, கல்லாவில் தமிழ் என்று இன்றும் ஊர் இரண்டு வாயால் பேசுகிறது. விசைத்தறிச் சத்தம் தெருவுக்குத் தெரு கேட்கும். ஆனி பிறந்துவிட்டால் சாலையில் மாங்காய் லாரிகள். சித்தூர் மாவட்டத்துத் தோப்புகளில் பெரும்பகுதி தோத்தாபுரிதான், நம் பேச்சில் கிளிமூக்கு மாங்காய். கடித்துத் தின்பதற்குக் கொஞ்சம், கூழ் ஆலைக்கு மீதியெல்லாம்.

அந்தக் காயில் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். காம்புப் பக்கம் பருத்திருக்கிறது, கீழே போகப்போக ஒடுங்குகிறது, கடைசியில் நுனி நேராக முடியாமல் ஒரு பக்கமாகக் கோணுகிறது. இதே கோடு பட்டுப்புடவைக் கரையில் உண்டு, வாசல் கோலத்தில் உண்டு, கல்யாணப் பெண்ணின் மருதாணியில் உண்டு. இவற்றுள் நெடுந்தூரம் நடந்தது கழுத்தில் விழும் மாங்காய் மாலைதான். அது தோப்பிலிருந்து பத்தர் பட்டறைக்கும், அங்கிருந்து கோயிலுக்கும் மேடைக்கும் அடகுக்கடைக்கும் போய்வந்த கதை இது.

முதலில் பட்டறை. மாங்காயைப் பார்த்து மாங்காய் செய்யும் பத்தர், காயிலிருந்து எடுத்துக்கொள்வது மிகக் குறைவு. காம்பு வேண்டாம், இலை வேண்டாம், தோலின் பச்சையும் வேண்டாம். பருத்த வயிறும் கோணிய நுனியும் போதும். தங்கத் தகட்டை அந்த அளவுக்கு வெட்டிக்கொள்கிறார். மெல்லிய தங்கப் பட்டையைச் சாமணத்தால் வளைத்து, தகட்டின் விளிம்பைச் சுற்றிச் சுவர்போல நிறுத்துகிறார். உள்ளே சிறுசிறு அறைகள் பிரிக்கிறார். வெங்காரம் தடவி, பற்றவைக்கும் பொடி வைத்து, ஊதுகுழலால் நெருப்பைச் சுவரின் அடிக்குத் திருப்புகிறார். பொடி உருகி ஓடிய அடுத்த கணம் நெருப்பை விலக்க வேண்டும். ஒரு மூச்சு கூடினால் சுவரே உருகிவிடும். ஒட்டிய துண்டைப் புளித் தண்ணீரில் போட்டுக் கறுப்பை எடுத்து, பூந்திக்கொட்டை நுரையில் துலக்குகிறார்.

அதற்குப் பிறகு அறைகளுக்குள் அரக்கு இறங்குகிறது. அரக்கின் மேல் பளபளக்கும் மெல்லிய தகடு, அதன் மேல் கெம்புக்கல். கல்லைப் பட்டை தீட்டுவதில்லை, வழவழவென்று உருட்டித் தேய்ப்பதோடு சரி. கல்லுக்கும் சுவருக்கும் இடையில் இருக்கும் மயிரிழைச் சந்தில் சுத்தத் தங்க ரேக்கைச் செருகி, கூர்மழுங்கிய உளியால் அழுத்திக்கொண்டே வருகிறார். பசை கிடையாது, நகக்கொக்கிகள் கிடையாது. சுத்தத் தங்கம் மெழுகுபோல இளகிக் கொடுப்பதால்தான் கல் பிடிபட்டு நிற்கிறது. இது ஒரு மாங்காய். மாலைக்கு இப்படிப் பல வேண்டும். பிடரியிலிருந்து மார்புக்கு இறங்க இறங்க அளவு ஏறிக்கொண்டே வர வேண்டும். வலப்பக்கத்துக் காய்க்கு நுனி ஒரு திசை, இடப்பக்கத்துக் காய்க்கு மறுதிசை. ஆக, ஒரே அச்சில் எல்லாவற்றையும் அடித்து முடித்துவிட முடியாது.

எத்தனையோ காய் கனி இருக்க, மாங்காய் மட்டும் ஏன் கழுத்தில் ஏறியது? மங்கலம் என்பார்கள். மங்கலம் என்று பார்த்தால் தேங்காயும் வாழையும் முந்திக்கொண்டிருக்க வேண்டும். விடை அந்தக் கோணிய நுனியில் இருக்கிறது. உருண்டைக்குத் திசை கிடையாது. எலுமிச்சை எலுமிச்சையாகக் கோத்தால் மணிமாலை ஆகுமே தவிர, கண்ணை எங்கும் அழைத்துப் போகாது. மாங்காயின் வளைவுக்கு ஒரு போக்கு உண்டு. இரு தோளிலிருந்தும் வளைவுகள் வரிசையாக இறங்கி வந்து, நடுப் பதக்கத்தில் கொண்டுபோய்ப் பார்வையை விடுகின்றன. ஒரு காயின் ஒடுங்கிய பக்கம் அடுத்த காயின் பருத்த பக்கத்துக்கு இடம் விடுகிறது. அதனால் மாலை நெருக்கமாகவும் விழும், கழுத்து அசைந்தால் துண்டு துண்டாக மடங்கியும் கொடுக்கும். பருத்த வயிறு பெரிய கல்லுக்கு, ஒடுங்கிய நுனி பொடிக் கல்லுக்கு. கையில் கிடைத்த கற்கள் ஒரே அளவாக இல்லாத பத்தருக்கு இதைவிட வசதியான வடிவம் எங்கே கிடைக்கும்?

இயற்கையிலிருந்து எடுத்த வடிவம் நகையில் நிலைக்க வேண்டுமானால், அழகாக இருந்தால் மட்டும் போதாது. அதற்கு அங்கே ஒரு வேலையும் இருக்க வேண்டும். ஜடைநாகத்தைப் பாருங்கள். பாம்பின் உடல் பின்னலோடு சேர்ந்து நெளிய வேண்டும் என்பதால்தான் அது துண்டு துண்டாகப் பிரிந்து கோக்கப்பட்டிருக்கிறது. மல்லிகை மொக்கு மாலையில் விரிந்த பூ வராமல் மொக்கே வந்ததும் இப்படித்தான். விரிந்த இதழ் புடவையைப் பிடித்து இழுக்கும், மொக்கு வழுக்கிக்கொண்டு போகும்.

வடிவம் மட்டுமல்ல, நகையின் கணக்கே செடி கொடியிலிருந்து வந்ததுதான். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்து நகைக் கொடைகளைக் கல்வெட்டுகள் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று நிறுத்துச் சொல்கின்றன. கழற்சிக்காய், மஞ்சாடி விதை, வேலியில் படரும் குன்றிமணி. இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்று பெயரிட்ட எடைக்கல்லும், மணிகள் பதித்த நகையை நிறுக்கத் தட்சிணமேருவிடங்கன் என்ற எடைக்கல்லும் தனித்தனியாக இருந்தன. இன்று பவுனும் கிராமும் வந்துவிட்டன. ஆனாலும் வீட்டில் நகை இல்லை என்பதற்கு, குண்டுமணித் தங்கம்கூட இல்லை என்றுதான் சொல்கிறோம்.

தங்கத்துக்கும் கல்லுக்கும் பெரிய கைகள் வேண்டியிருந்தன. கிருஷ்ணதேவராயர் 1513 பிப்ரவரியில் முதன்முறை திருமலை ஏறியபோது நவரத்தினக் கிரீடம் சாத்தினார். அடுத்தடுத்த வருகைகளிலும் நகைகள் கொடுத்ததைக் கோயில் கல்வெட்டுகள் பதிந்து வைத்திருக்கின்றன. திருமலைக் கோயிலுக்குள் நுழைந்ததும், இரு தேவியரோடு அவர் கைகூப்பி நிற்கும் செப்புச் சிலைகளைப் பார்க்கலாம். அவற்றின் கழுத்திலும் தோளிலும் அந்தக் காலத்து நகைகளின் சாயல் அப்படியே நிற்கிறது. ஆண்டவனுக்கும் அரசிக்கும் ஒரே பட்டறை, ஒரே அச்சு. கோயில் நகை என்று ஒரு வகையே பிறந்தது இப்படித்தான்.

சிவப்புக் கல் கடல் கடந்து வந்தது. நல்ல மாணிக்கத்துக்குப் பர்மாவின் மோகோக் சுரங்கங்கள்தான் பேர்போனவை. 1902-இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஒகுஸ்த் வெர்னூயி, அலுமினாப் பொடியை நெருப்புச் சுடரில் உருக்கிச் சொட்டுச் சொட்டாகச் செயற்கை மாணிக்கம் வளர்க்கும் முறையை வெளியிட்டார். அதன் அலை தமிழ்நாட்டையும் தொட்டது. திருச்சியிலும் புதுக்கோட்டையிலும் செயற்கைக் கல் தீட்டுவது வீட்டுக்கு வீடு குடிசைத் தொழிலாயிற்று. மாங்காயின் வயிற்றுக்குள் கல் மாறியது. வெளிக்கோட்டில் ஒரு மாற்றமும் இல்லை.

அணிபவரும் மாறினார்கள். கோயிலைச் சார்ந்திருந்த ஆட்டம் 1930-களில் சபா மேடைக்கு வந்தது. 1935-இல் அடையாற்றில் ருக்மிணி தேவி ஆடியது அதில் ஒரு திருப்பம். 1947-இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. ஊருக்கு ஊர் நாட்டியப் பள்ளிகள் பெருகப் பெருக, பத்து வயதுப் பிள்ளைக்கும் நெற்றிச்சுட்டி, ராக்கொடி, மாங்காய் மாலை என்று முழு செட் தேவைப்பட்டது. பவுனில் செய்து கட்டுப்படியாகுமா? நாகர்கோவில் வடசேரிக் கைவினைஞர்கள் வழி காட்டினார்கள். வெள்ளித் தகட்டில் வடிவம், உள்ளே அரக்கு, மேலே சிவப்பும் பச்சையுமாய்க் கெம்பு, கல்லைச் சுற்றி மட்டும் தங்க ரேக்கு. நாகர்கோவில் கோயில் நகை என்று இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. அதற்கும் வழியில்லாதவர்களுக்குச் சிதம்பரம் கவரிங் இருக்கிறது. ஆந்திரப் பக்கம் மச்சிலிப்பட்டினத்துச் சிலகலபூடி ரோல்டுகோல்டு இருக்கிறது.

பத்தர்கள் மறக்காத ஆண்டு 1963. சீனப் போர் முடிந்த கையோடு அந்நியச் செலாவணி நெருக்கடி. மொரார்ஜி தேசாய் நிதியமைச்சர். 14 காரட்டுக்கு மேல் புதிய நகை செய்யக் கூடாது என்று ஜனவரியில் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. சங்கிலியையோ வளையலையோ 14 காரட்டில் செய்து ஒப்பேற்றிவிடலாம். ரேக்குவேலையை என்ன செய்வது? செம்பும் வெள்ளியும் கலந்து விறைத்த தங்கம் உளிக்கு வளைந்து கொடுக்காது, கல்லைப் பிடிக்காது. நாடெங்கும் லட்சக்கணக்கான பொற்கொல்லர்கள் வேலை இழந்தார்கள். தற்கொலைச் செய்திகள் நாடாளுமன்றம் வரை போயின. 1966-இல் 14 காரட் வரம்பு தளர்ந்தது. ஆனாலும் கட்டுப்பாடு 1968-இல் சட்டமாகி, 1990-இல்தான் முற்றிலும் போயிற்று. இடைப்பட்ட காலத்தில் பல பட்டறைகளில் மகன்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

மாங்காய் மாலையின் பயணத்தில் அடகுக்கடையும் ஒரு நிறுத்தம். தறி ஓடாத மாதங்களிலும், காய் விலை சரிந்த கோடைகளிலும் நகரி போன்ற ஊர்களில் முதலில் வெளியே வருவது பீரோவுக்குள் இருக்கும் நகைதான். அங்கே இந்த மாலைக்கு மரியாதை குறைவு. சங்கிலியைத் தராசில் போட்டால் முடிந்தது. மாங்காய் மாலையில் கல் எடை கழியும், அரக்கு எடை கழியும். நூறு மணிநேரக் கைவேலைக்கு ரசீதில் இடமே கிடையாது. 2021 ஜூனில் ஹால்மார்க் படிப்படியாகக் கட்டாயமானபோது குந்தன், போல்கி, ஜடாவு நகைகளுக்கு விலக்கு கொடுத்தார்கள். அரக்கும் கல்லும் ரேக்கும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் நகையில் எதைத் தங்கம் என்று சோதிப்பது, அதைப் பிரிக்காமல் எப்படிச் சோதிப்பது என்பது தலைவலி பிடித்த வேலை.

இன்று கடைகளில் விற்கும் மாங்காய்களில் பல கணினியில் வரையப்பட்டு, மெழுகில் அச்செடுத்து வார்க்கப்பட்டவை. வலமும் இடமும் அச்சுப் பிசகாமல் இருக்கும். அதை இழிவாகச் சொல்ல எனக்கு மனமில்லை. தங்கம் விற்கிற விலையில் பலருக்கு அதுதான் எட்டும். இன்னொரு பக்கம், உண்மையான இலையின் மேல் செம்பை மின்முறையில் படியவைத்து, பொன்முலாம் பூசி, பதக்கமாகக் கோக்கும் கைவினைக்காரர்களும் வந்திருக்கிறார்கள். நரம்பு நரம்பாக இலை அப்படியே இருக்கும். பார்க்க அதிசயம்தான். ஆனால் அந்த இலைக்குக் கழுத்தில் வேலை எதுவும் இல்லை. தொங்குகிறது, அவ்வளவுதான். அடுத்த இலையோடு அதற்கு உறவும் இல்லை.

இயற்கையை நகையாக்க வருகிற இளைஞர்களுக்குப் பழைய பட்டறை சொல்லித்தருவது இதைத்தான். காயை எவ்வளவு அச்சாக எடுத்தோம் என்பது பெரிதல்ல. எதை விட்டோம், மிச்சம் வைத்த கோடு என்ன வேலை செய்கிறது என்பதே கேள்வி. மாணிக்கம் போய்ச் செயற்கைக் கல் வந்தது, பொன் போய் வெள்ளியும் பித்தளையும் வந்தன, அரசி போய் நாட்டியப் பள்ளிப் பிள்ளை வந்தாள். அந்தக் கோணிய நுனியை மட்டும் யாராலும் நிமிர்த்த முடியவில்லை. நிமிர்த்தினால் மாலை சரியாக விழாது.