பாத்ரீனோவும் தாய்மாமனும்

‘பாதிரி’ என்னும் சொல், தந்தை எனப் பொருள்படும் ‘பாத்ரே’யிலிருந்து போர்த்துக்கீசியர் வழியாகத் தமிழுக்கு வந்தது என்பதை நாம் அறிவோம். அதே வேரில் கிளைத்த ‘பாத்ரீனோ’ என்ற ஸ்பானியச் சொல் நம்மிடம் வரவில்லை. ஞானஸ்நானத்தின்போது குழந்தைக்குப் பொறுப்பேற்கும் ஞானத்தகப்பன் என்பது அதன் முதற்பொருள். திருமணத்தில் மணமக்களுக்குத் துணை நிற்பவரும் பாத்ரீனோதான். இருவர் வாளேந்திப் பொருதும்போது ஒருவர் பக்கம் சாட்சியாய் நிற்பவரும் பாத்ரீனோதான். மெக்சிகோவில் பெண்ணின் பதினைந்தாம் வயது விழாவில் உடைக்கு ஒருவர், கேக்குக்கு ஒருவர், இசைக்கு ஒருவர் எனப் பல பாத்ரீனோக்கள் செலவைப் பகிர்ந்துகொள்வதுண்டு. சிபாரிசு செய்யும் பெரிய மனிதரையும் அச்சொல் குறிக்கும். 1972இல் வெளிவந்த ‘காட்ஃபாதர்’ படத்தின் ஸ்பானியப் பெயர் ‘எல் பாத்ரீனோ’.

மதுரைக்குத் தெற்கே, காரியாபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டை என விரியும் வானம் பார்த்த பூமியில் இந்தப் பொறுப்புகளுள் பலவற்றைச் சுமப்பவர் தாய்மாமன். குலதெய்வக் கோயிலில் அவர் மடியில் அமர்த்தியே குழந்தைக்கு மொட்டையடித்துக் காது குத்துகிறார்கள். பெண் பூப்பெய்தினால் பச்சை ஓலையில் குச்சு கட்டுவதும், சீர்வரிசைத் தட்டுகளோடு மேளதாளத்துடன் வந்து சேர்வதும் அவர் கடமை. மழை பொய்த்த ஆண்டிலும் சீர் பொய்க்கலாகாது. மெக்சிகோவில் பலர் பங்கிடும் சுமை இங்கே முதலில் ஒருவர் தோளில் ஏறுகிறது. மற்றவர்களின் பங்கு மொய் நோட்டில் பதிவாகி, திருப்பிச் செய்யவேண்டிய கடனாக நிற்கிறது.

இரு வழக்குகளுக்கும் இடையே ஆழ்ந்த வேறுபாடு ஒன்றுண்டு. பாத்ரீனோ உறவு மண உறவைத் தடுப்பது. 1563இல் திரெந்து சங்கம் ஞானப்பெற்றோர் எண்ணிக்கையை ஒருவர் அல்லது இருவர் எனச் சுருக்கியபோதும், அவர்களுக்கும் குழந்தைக்கும், குழந்தையின் பெற்றோருக்கும் இடையே திருமணம் கூடாதென்ற விதி நீடித்தது. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் அதைக் குறுக்கியது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் அத்தடை இல்லை. தாய்மாமனோ மண உறவிலிருந்தே பிறக்கும் உறவு. உசிலம்பட்டிப் பகுதியின் பிரமலைக் கள்ளரிடையே ஆய்வு செய்து 1957இல் நூல் வெளியிட்ட பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துமோன், மாமன் செய்யும் சீரை, கொண்டும் கொடுத்தும் வந்த உறவு அடுத்த தலைமுறையிலும் தொடர்வதன் அடையாளமாகக் கண்டார்.

ஆகவே பாத்ரீனோ தேர்ந்தெடுக்கப்படுகிறவர். தாய்மாமன் பிறப்பால் வாய்க்கிறவர். சிட்னி மின்ட்ஸ், எரிக் வுல்ஃப் இருவரும் 1950இல் எழுதிய கட்டுரை, குழந்தையின் தந்தைக்கும் ஞானத்தகப்பனுக்கும் இடையே உண்டாகும் ‘கொம்பாத்ரே’ உறவு, சம நிலையினரை ஒன்றாகக் கட்டவும், உழைப்பவன் நிலவுடைமையாளனைத் தன் குடும்பத்தோடு பிணைத்துக்கொள்ளவும் பயன்பட்டதை விளக்குகிறது.

நம் மரபிலும் மாமன் சீர் கொண்டு வருபவர் மட்டுமல்லர், வழக்காட வருபவரும்கூட. திருவிளையாடற் புராணத்தின் ‘மாமனாக வந்து வழக்குரைத்த படலம்’ அதைத்தான் சொல்கிறது. வணிகன் தனபதி தங்கை மகனுக்குத் தன் பொருளனைத்தையும் கொடுத்துவிட்டுத் தவத்துக்குப் போனபின், ஞாதியர் அதைப் பறித்துக்கொண்டனர். தாயின் முறையீட்டைக் கேட்ட மதுரைச் சொக்கநாதர், தனபதியின் உருவிலேயே வந்து அவையில் வாதாடிச் சிறுவனுக்கு அதை மீட்டுக் கொடுத்தார். இறைவன் எடுக்கத் தகுந்த வேடமாக மாமன் என்ற உறவு இருந்திருக்கிறது.

இன்று எண்ணிப் பார்க்கவேண்டியது இதுவே. 2019–21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். உடன்பிறந்தான் இல்லாத பெண்கள் பெருகுவார்கள். அவர்கள் பிள்ளைகளுக்குச் சொந்தத் தாய்மாமன் இருக்கமாட்டார். ஒன்றுவிட்ட முறையில் யாரையாவது அமர்த்தும் வழக்கம் முன்பே உண்டு. அந்த வட்டமும் சுருங்கும்போது, மாமனையும் நாம் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். சாதியும் முறையும் பாராமல் அப்படித் தேர்ந்தெடுக்கத் துணிவோமானால், நம்மிடம் வராமற்போன அந்த ஸ்பானியச் சொல்லின் பொருள் மட்டுமேனும் காரியாபட்டி வரை வந்து சேரும்.