கிராணி நோயும் ஃபோலிக் அமிலமும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

இந்திய மருத்துவ வரலாறு குறித்த ஆய்வுகளில் காலரா, பிளேக், அம்மை முதலிய கொள்ளைநோய்கள் பெற்ற இடத்தை நாட்பட்ட குடல்நோய்கள் பெறவில்லை. ஒரே வாரத்தில் ஊரைக் காலி செய்யும் நோய் அரசின் பதிவேட்டில் இடம்பிடித்துவிடுகிறது. மாதக்கணக்கில் வயிற்றுப்போக்கு நீடித்து, நாக்குப் புண்ணாகி, உடல் வற்றி, இரத்தம் குன்றி ஒருவர் இறக்கும்போது அச்சாவு வீட்டளவில் நின்றுவிடுகிறது. அத்தகைய நோய்களுள் ஒன்று கிராணி. ஆங்கில மருத்துவம் 'ஸ்ப்ரூ' என வழங்கிய வெப்பமண்டலக் குடல்நோய் இதனோடு பெரிதும் ஒத்தது. இந்நோயின் கதையையும், இதற்குத் தீர்வாக அமைந்த ஃபோலிக் அமிலத்தின் கதையையும், இரண்டோடும் தொடர்புடைய எல்லாப்பிரகட சுப்பாராவ் என்னும் அறிவியலாளரின் வாழ்வையும் இக்கட்டுரை இணைத்து நோக்குகிறது.

பெயரும் பொருளும்

'கிராணி' என்பது 'கிரகணி' என்னும் வடசொல்லின் திரிபாகும். பற்றுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த அச்சொல் முதற்கண் நோயைக் குறிக்கவில்லை. உண்ட உணவைச் செரிக்கும்வரை பற்றி வைத்திருக்கும் உடலுறுப்பையே குறித்தது. செரிமானத்தீ மங்கும்போது அவ்வுறுப்பு உணவைப் பற்றிக்கொள்ள மாட்டாமல் செரிக்காத நிலையிலேயே வெளியேற்றிவிடுகிறது என்பது சரக சங்கிதையின் கருத்து. அந்நூலின் சிகிச்சைப் பகுதி இந்நோய்க்கெனத் தனி இயல் வகுத்துள்ளது. காலப்போக்கில் உறுப்பின் பெயரே நோயின் பெயராக நிலைத்தது.

ஐரோப்பியர் இந்நோய்க்குச் சூட்டிய பெயர் வேறொரு குறியின் அடிப்படையில் அமைந்தது. சாவகத்தில் இருந்த டச்சுக்காரர்கள் வாய்ப்புண்ணைக் குறிக்கும் தம் மொழிச் சொல்லால் இதனை அழைத்தனர். 1880இல் பாட்ரிக் மான்சன் அச்சொல்லை ஆங்கில மருத்துவ வழக்கிற்குக் கொணர்ந்தார். சிம்லா போன்ற மலைநகரங்களில் ஐரோப்பியரை வாட்டிய 'மலைப் பேதி'யும் இதனோடு தொடர்புடையதாகக் கருதப்பட்டது. ஒரு மரபு குடலின் செயலைக் கொண்டும் மற்றொரு மரபு வாயின் புண்ணைக் கொண்டும் நோயை அடையாளங்கண்டன என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

எனினும் கிராணியும் ஸ்ப்ரூவும் முற்றிலும் ஒன்றே எனக் கொள்ளுதல் பொருந்தாது. குடற்காசம், கோதுமைப் புரதத்தை ஏற்காத குடல்நோய், நாட்பட்ட கிருமித்தொற்று ஆகியன அனைத்தும் பழைய மருத்துவரின் பார்வையில் கிராணி என்னும் ஒரே பெயருள் அடங்கியிருக்கக்கூடும்.

சென்னையில் ஒரு மாணவர்

சுப்பாராவ் 1895இல் ஆந்திரப் பகுதியின் பீமவரத்தில் பிறந்தார். அவருடைய உடன்பிறந்தார் இருவர் இக்குடல்நோயால் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து மாண்டனர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற சுப்பாராவ், காந்தியின் அறைகூவலை ஏற்று அறுவைக்கூடத்தில் கதராடை அணிந்தமையால் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளானார். முழுப் பட்டத்திற்கு மாறாகத் தரத்தில் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே அவருக்குக் கிட்டியது.

பின்னர் அவரையும் அந்நோய் பற்றியது. மரணத்தின் விளிம்புவரை சென்ற அவர், ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையில் தேறினார் என அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். அதன்பின் சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் விரிவுரையாளராகப் பணியாற்றிய சுப்பாராவ், 1920களின் தொடக்கத்தில் அமெரிக்கா சென்று ஹார்வர்டில் சேர்ந்தார். அங்கு ஃபிஸ்கேயுடன் இணைந்து உடல்நீர்மங்களில் பாஸ்பரசை அளவிடும் முறையை 1925இல் வெளியிட்டார். கல்லீரல் சாற்றிலிருந்து இரத்தசோகையைப் போக்கும் பொருளைப் பிரித்தெடுக்கும் முயற்சியிலும் ஈடுபட்டார். 1940இல் லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்தார்.

பம்பாயிலிருந்து தொடங்கிய தேடல்

ஃபோலிக் அமிலத்தின் வரலாறு சுப்பாராவிடமிருந்து தொடங்கவில்லை. 1928இல் பம்பாய்க்கு வந்த ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ், ஆலைத் தொழிலாளர்களிடையே கருவுற்ற பெண்களைத் தாக்கிய கடும் இரத்தசோகையை ஆராய்ந்தார். அவருடைய ஆய்வு குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் சென்னை மருத்துவமனையிலும் தொடர்ந்தது. எளிய ஈஸ்ட் சாறான 'மார்மைட்' அப்பெண்களைத் தேற்றியது என்பதை அவர் 1931இல் வெளியிட்டார். ஏழைப் பெண்களின் உணவுக் குறைபாட்டிலிருந்தே ஓர் உயிர்ச்சத்தின் தடயம் முதன்முதலில் புலப்பட்டது.

1941இல் பசலைக் கீரையிலிருந்து அச்சத்து பிரிக்கப்பட்டது; இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் அது ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. 1945இல் சுப்பாராவின் தலைமையில் இயங்கிய லெடர்லி குழு அதனைச் செயற்கையாக உருவாக்கியது. டன் கணக்கில் கல்லீரலைக் காய்ச்சி வடித்தும் மிகச் சிறிதளவே கிட்டிய பொருள், அதன்பின் மாத்திரையாகக் கிடைக்கலாயிற்று. அமெரிக்க மருத்துவர் டாம் ஸ்பைஸ் முதலியோர் அதனை ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு அளித்தபோது இரத்தம் ஊறியது, நாக்குப் புண் ஆறியது, பசி திரும்பியது.

அதே ஆய்வகத்தில் பெஞ்சமின் டகர் கண்டறிந்த ஆரியோமைசின், டெட்ராசைக்ளின் வகையின் முதல் மருந்தாக 1948இல் அறிவிக்கப்பட்டது. பிற்காலத்தில் ஸ்ப்ரூவுக்கு ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளினும் சேர்த்துப் பல மாதங்கள் அளிப்பதே உரிய சிகிச்சையாக நிலைபெற்றது. சுப்பாராவின் உடன்பிறந்தாரைக் கொன்ற நோய்க்குரிய இரு மருந்துகளும் அவர் தலைமையேற்ற ஆய்வகத்திலிருந்தே பிறந்தன. அவர் 1948 ஆகஸ்டில் தம் ஐம்பத்து மூன்றாம் வயதில் காலமானார்.

எளிய கதையும் உண்மையும்

உடன்பிறந்தாரின் சாவு அவரை மருந்து தேட வைத்தது, அவர் அதனைக் கண்டார் என இவ்வரலாற்றைச் சுருக்கிக் கூறும் வழக்கம் உண்டு. அக்கூற்றில் உணர்வுண்மை இருப்பினும் அது முழுமையன்று. வில்ஸின் நோயாளிகளும், கீரையை வடித்த வேதியியலாரும், லெடர்லியின் பல கைகளும் அதில் மறைக்கப்படுகின்றன.

ஃபோலிக் அமிலம் தனித்து முற்றான தீர்வாகவும் அமையவில்லை. பி12 உயிர்ச்சத்துக் குறைந்த நிலையில் அதனை மட்டும் அளித்தால் இரத்தம் தேறியதுபோல் தோன்ற, நரம்புகள் நலிவது மறைந்து தொடரும். 1960களின் தொடக்கத்தில் வட ஆர்க்காட்டு ஊர்களில் ஸ்ப்ரூ கொள்ளைநோய் போலப் பரவியது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் செல்வின் பேக்கர், வி.ஐ. மாத்தன் ஆகியோர் ஊர் ஊராகச் சென்று ஆராய்ந்து, சத்துக்குறைபாட்டை மட்டும் கொண்டு இந்நோயை விளக்க இயலாது என்பதையும், தொற்றின் பங்கு இருக்கக்கூடும் என்பதையும் வெளிக்கொணர்ந்தனர்.

பழைய பத்தியத்தையும் இங்கு மறுநோக்குக்கு உட்படுத்தலாம். கிரகணிக்கு மோரைச் சிறந்த உணவாகச் சரகர் போற்றினார். குடற்சுவர் சிதையும்போது பாற்சர்க்கரையைச் செரிக்கும் திறன் குறைகிறது. புளித்த மோரில் அச்சர்க்கரை ஓரளவு குறைந்திருப்பதால் பாலைவிட அது குடலுக்கு ஏற்றது. ஆயின் மோர் வயிற்றின் வேதனையைத் தணித்ததேயன்றி, உடல் இழந்த சத்தை முழுதும் ஈடுசெய்யவில்லை. தணிப்பும் தீர்வும் வெவ்வேறு என்பது இதனாற் பெறப்படும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால், கிராணி என்பது ஒரு நோயின் பெயரன்று. ஒத்த குறிகளையுடைய பல நோய்களின் தொகுப்புப் பெயர் என்பது தெளிவாகிறது. அவற்றை வேறுபடுத்தி அறிந்தபோதுதான் உரிய மருந்து கிட்டியது. வாரக்கணக்கில் நீடிக்கும் வயிற்றுப்போக்கையும் உடல் மெலிவையும் 'சூட்டு வயிறு' என ஒதுக்கிவிடாமல் சோதித்தறிய வேண்டும் என்பதற்கு இவ்வரலாறே சான்று. ஒரே வீட்டில் இருவர் சில நாளில் மாண்ட காலத்தில் இல்லாதது அவ்வறிதல்தான்.