ஜாகர் கல்லும் காகபாதமும்

மாட்டுங்காவில் எங்கள் அம்மாவின் ஏழு கல் தோட்டுக்குத் தனி மரியாதை. "ப்ளூ ஜாகர்டா, லேசில கிடைக்காது" என்பாள். 1968-இல் வாங்கியது. 2004-இல் என் பெண்ணின் கல்யாணத்துக்காக அதைப் பிரித்துக் கட்டலாம் என்று ஜவேரி பஜாருக்கு எடுத்துப் போனோம். மூடிய கட்டடம்; கல்லுக்குப் பின்னால் தங்கத் தகடு. ஆசாரி அதை நெம்பி எடுத்ததும், பதினான்கு கற்களில் ஆறில் கரும்புள்ளியும் கீறலும் தெரிந்தன. திரும்பி வரும்போது அம்மா சொன்னது ஒன்றே: "கடைக்காரர் நமக்கு ரொம்ப வேண்டப்பட்டவராச்சே."

அன்று முதல் இந்த 'ஜாகர்' யார் என்று தேடத் தொடங்கினேன். அது ஆளல்ல, ஊர். தென்னாப்பிரிக்காவில் ஜாகர்ஸ்ஃபொன்டைன் என்ற இடத்தில் 1870-இல் வைரம் கிடைத்தது. நீலச் சாயல் கொண்ட அதன் வெள்ளைக் கற்கள் பெயர் பெற்றன. 1971-இல் அங்கே சுரங்கவேலை நின்றுவிட்டது. ஆகவே இன்று கடையில் 'ஜாகர்' என்றால் அது நிறத்துக்கு வியாபாரி வைத்த பெயர், அவ்வளவுதான். அந்த நீலம் பெரும்பாலும் வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் பட்டு எழும் ஒளிர்வு. வெயிலில் பளிச்சென்று இருப்பது வீட்டுக்குள் மஞ்சளடிக்கலாம். ஒளிர்வு மிக அதிகமானால் சில கற்கள் பால் கலந்தாற்போல் மங்கும். இரண்டு வெளிச்சத்திலும் பார்க்க வேண்டும்.

ஆனால் கல்லின் குற்றம் பார்க்க நமக்கு வெள்ளைக்காரன் சொல்லித் தரவேண்டியதில்லை. சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரைக் கடைவீதியைச் சுற்றிவரும் ஊர்காண் காதையில், வைரத்துக்கு ஆகாதவை எனக் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என நான்கு குற்றங்கள் வருகின்றன. காக்கைக் கால் போன்ற பிளவு, கறை, புள்ளி, கோடு. இன்றைய ஆய்வகங்கள் லென்ஸ் வைத்துத் தேடுவதும் ஏறக்குறைய இவற்றைத்தான். பிரேசிலில் 1720-களில் வைரம் கிடைக்கும்வரை உலகுக்கே பெரும்பாலும் வைரம் கொடுத்த நாடு நம்முடையது. பார்க்கத் தெரிந்த கண் எங்கே போயிற்று? தகட்டுக்குப் பின்னால் போயிற்று என்பது என் எண்ணம். கல்லைப் பார்ப்பதை விட்டு, கடைக்காரர் முகத்தைப் பார்க்கத் தொடங்கினோம். தலையணைக்கு அடியில் மூன்று இரவு வைத்து 'ராசி' பார்த்தார்களே தவிர, திருப்பிப் பார்த்தவர் யார்?

ஆகவே வாங்குவோர் முதலில் கட்டாத கல்லைக் கேளுங்கள். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில், பக்கவாட்டிலும் பின்புறமும் பாருங்கள். எடையில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம், அதாவது 100 சென்ட். ஏழு சென்ட் வீதம் பதினான்கு கல் சேர்ந்தால் 98 சென்ட். 'ஒரு காரட் தோடு' என்பார்கள். ஒற்றைக்கல்லாக ஒரு காரட் இருந்தால் அதன் விலையே வேறு. ஒவ்வொரு கல்லின் எடையையும் எழுதி வாங்குங்கள்.

சான்றிதழ் என்றால் கடைச் சீட்டல்ல, ஜி.ஐ.ஏ., ஐ.ஜி.ஐ. போன்ற ஆய்வகம் தருவது. கல்லின் இடுப்பில் லேசரால் பொறித்த எண் இருந்தால் அது சான்றிதழ் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று லென்ஸில் பாருங்கள். ஆய்வகத்தில் வளர்த்த வைரமா என்பதையும் அதில் தேடுங்கள். திருச்சியில் பட்டை தீட்டிய செயற்கைக் கல்லோடு இதைக் குழப்பக்கூடாது. வளர்த்த வைரமும் அசல் கரிதான். கடையில் வெப்பம் சோதிக்கும் கருவிக்கு வித்தியாசம் தெரியாது. சில ஆண்டுகளில் அதன் விலை வெகுவாக விழுந்துவிட்டது. வாங்குவது தவறில்லை, சுரங்க வைரத்தின் விலைக்கு வாங்குவதுதான் தவறு. திரும்ப எடுத்துக்கொள்ளும் விலையையும் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள்.

ஆபரா ஹவுஸ் பக்கம் இருந்த வைர வியாபாரத்தில் பெரும்பகுதி, 2010-இல் பாந்திரா குர்லா வளாகத்தில் திறந்த பாரத் டயமண்ட் போர்ஸுக்கு வந்துவிட்டது. தாராவிக்கும் அதற்கும் நடுவே மித்தி ஆறுதான்.

எங்கள் தோட்டில் மிஞ்சிய எட்டு நல்ல கற்களைப் பேசரியாகக் கட்டினோம். மூக்குக்குக் கல் கொஞ்சம் பெரிசுதான். இந்த முறை பின்னால் தகடு வேண்டாம் என்று ஆசாரியிடம் சொன்னவள் அம்மா.