கண்ணாடி மாளிகையில் கறுப்பு அணிவகுப்பு: ஒரு பின்லாந்து இசைக்குழுவும் மரபு குறித்த கேள்வியும்

பின்னிய மொழியில் 'முஸ்தா பராத்தி' என்றால் 'கறுப்பு அணிவகுப்பு' என்று பொருள். இப்பெயரை ஆங்கிலத்தில் பெயர்த்து இணையத்தில் தேடுவோருக்கு, 2006இல் அமெரிக்க இசைக்குழு ஒன்று வெளியிட்ட தொகுப்பே முன்வந்து நிற்கும். அதற்கு 20 ஆண்டுகளுக்கும் முன்பே ஹெல்சிங்கி நகரில் இப்பெயரைத் தாங்கிய குழுவைக் காண வேண்டுமானால், அதன் சொந்த மொழியில்தான் தேட வேண்டும். இச்சிறு தடையே அக்குழுவின் வரலாற்றுச் சிக்கலையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறது.

1983இல் 'பெய்லிதலொஸ்ஸா', 1984இல் 'கேர்மேத்' என இரண்டே தொகுப்புகள். அக்காலத்து முஸ்தா பராத்தியின் இருப்பு இவ்வளவே. முதற்பெயரின் பொருள் 'கண்ணாடி மாளிகையில்'. இரண்டாவதன் பொருள் 'பாம்புகள்'. பிரிட்டனில் பௌஹவுஸ் குழு தன் முதல் இசைத்தட்டை வெளியிட்டது 1979இல். அங்கு போஸ்ட்-பங்க் இசையிலிருந்து கோத்திக் என்னும் இருண்ட கிளை பிரிந்து நான்கே ஆண்டுகளில், அது பின்னிய மொழியில் முழுத் தொகுப்பாக வடிவம் பெற்றுவிட்டது.

மொழித் தேர்வு இங்கே சிறிய செய்தியன்று. 1970களின் பெரும்புகழ் பெற்ற பின்லாந்துக் குழுவான ஹரிகேன்ஸ் ஆங்கிலத்திலேயே பாடியது. அதே காலத்தில் தாய்மொழியில் ராக் பாடுவோரும் வளர்ந்து, 1980களின் தொடக்கத்தில் அதுவே பெருவழக்காயிற்று. பின்னிய மொழியில் அழுத்தம் எப்போதும் சொல்லின் முதலசையில் விழும். குறில், நெடில் வேறுபாடு பொருளையே மாற்றும். 'துலி' என்றால் நெருப்பு, 'தூலி' என்றால் காற்று. 'வீட்டில்' என்று நாம் உருபு சேர்ப்பதுபோல், கண்ணாடி, வீடு, இடவுருபு மூன்றும் 'பெய்லிதலொஸ்ஸா' என்ற ஒரே சொல்லில் இணைகின்றன. இத்தகைய மொழியில் பாடும்போது, ஆங்கிலத்திலிருந்து வந்த இசைவடிவம் தன் தாளத்தையும் மாற்றிக்கொள்ள நேர்கிறது.

நகரச் சூழலையும் கருத வேண்டும். 1979இல் ஹெல்சிங்கியின் இசை ஆர்வலர் சங்கமான எல்மு, கைவிடப்பட்ட கட்டடம் ஒன்றைக் கைப்பற்றியது. வண்ணப்பூச்சுக் கிடங்காகவும் பின்னர் வீடற்றோர் தங்குமிடமாகவும் இருந்த அதற்கு 'லெபக்கோலுவோலா', அதாவது 'வௌவால் குகை' என்று பெயர். லண்டனில் கோத்திக் இசையின் புகழ்பெற்ற மன்றம் அதே பொருளுள்ள பெயரில் 1982இல்தான் திறக்கப்பட்டது. ஆயினும் ஒலிபரப்பு அரசு நிறுவனத்தின் தனியுரிமையாகவே இருந்தது. தனியார் உள்ளூர் வானொலிகளுக்கு வழி பிறந்தது 1985இல். அவற்றுள் ஒன்றான ரேடியோ சிட்டி அந்த வௌவால் குகையிலிருந்தே இயங்கியது. முஸ்தா பராத்தியின் இரண்டாம் தொகுப்பு அதற்கு ஓராண்டு முந்தியது.

பின்னர் நிகழ்ந்தது பலரும் அறிந்ததே. 1987இல் தம்பெரே நகரில் டூ விட்சஸ் தோன்றியது. 1989இல் ஹெல்சிங்கியில் தோன்றிய தி 69 ஐஸ் உலகப் புகழ் பெற்றது. ஹிம் குழுவின் 2005ஆம் ஆண்டுத் தொகுப்பு, அமெரிக்காவில் தங்கத் தகுதி பெற்ற முதல் பின்லாந்துத் தொகுப்பாயிற்று. இவற்றுக்கெல்லாம் முஸ்தா பராத்தியே 'முன்னோடி' என்று ஒரு நேர்கோடு வரையும் ஆசை எழுவது இயல்பு.

அக்கோட்டைச் சான்றுகள் தாங்கா. தி 69 ஐஸ் கிளாம் ராக் குழுவாகத் தொடங்கிப் பின்னரே கோத்திக்கிற்கு வந்தது. ஹிம் குழுவின் வேர்களைப் பிளாக் சப்பாத்திலும் டைப் ஓ நெகட்டிவிலும் தேடுவதே பொருந்தும். மூன்று குழுக்களும் உலகை அடைந்தது ஆங்கிலத்தின் வழியாக. முந்தியது என்பதாலேயே ஒன்று காரணமாகிவிடாது.

எனில் எஞ்சும் மரபு யாது? பின்லாந்தின் இருண்ட இசை ஆங்கிலத்தில் பிறந்து ஏற்றுமதியான சரக்கு மட்டுமன்று என்பதற்கான சான்றே அது. தொடரப்படாத பாதையும் வரலாற்றின் பாதையே. பின்வந்தோரின் வெற்றியைக் கொண்டு முன்னிருந்தோரை அளப்போமாயின், வெற்றி பெற்ற மொழியே வரலாற்றின் மொழியாகிவிடும். ஆங்கிலத்துக்கு வெளியே பாடப்பட்ட இசையை ஆராயும் எவரும், தம் தரவுகளைத் தொடும் முன் எண்ணிப் பார்க்க வேண்டியது இது.