நரம்புப் பொறியியலும் செயற்கைக் கையும்

முழங்கைக்குக் கீழே கையை இழந்தவர் விரலை மடக்க நினைத்தால், அந்தக் கட்டளை நரம்பு வழியாக முன்கையில் எஞ்சிய தசைகளை இன்னமும் வந்தடைகிறது. அதைத் தோலின் மேல் மின்வாய்களால் பதிந்து, மோட்டார் பொருத்திய செயற்கைக் கையை இயக்குவது நரம்புப் பொறியியலின் ஒரு கிளை.

பதியும் சமிக்ஞை சில மில்லிவோல்ற்றைத் தாண்டுவது அரிது. பெரும்பாலும் 20 முதல் 500 ஹேர்ட்ஸ் வரையில் அடங்கும். இலங்கை மின்விநியோகத்தின் 50 ஹேர்ட்ஸ் இரைச்சலும் அதே வீச்சில் விழுவதால், அதை வடிகட்டும்போது பயனுள்ள சமிக்ஞையிலும் ஒரு பங்கு போய்விடுகிறது. வியர்வை தோலின் மின்தடையை மாற்றும். கையைத் தூக்கினாலே மின்வாய் நகரும்.

கண்டிப் பகுதியில் இத்துறைக்கு வாசல் பேராதனைப் பல்கலைக்கழகம். 1950இல் கொழும்பில் தொடங்கிய பொறியியல் பீடம் 1964இல் பேராதனைக்கு வந்தது; மருத்துவ பீடம் 1962இல் உருவானது. ஆனால் உயர்தரத்தில் இணைந்த கணிதம் எடுத்தவர் ஒன்றுக்கும், உயிரியல் எடுத்தவர் மற்றதற்கும் பிரிந்து போகிறார்கள். நரம்புப் பொறியியலுக்கோ இரண்டு அறிவும் வேண்டும். ஆகவே பொறியியலாளர் ஒருவர் தசையையும் நரம்பையும் பெரும்பாலும் பட்டப்பின்படிப்பில்தான் கற்கத் தொடங்குகிறார்.

அப்படிப் பின்னர் திசை திரும்பியவர்களில் முக்கியமானவர் நிதீஷ் தாக்கோர். 1974இல் மும்பை ஐ.ஐ.டி.யில் மின்பொறியியல் பட்டமும், 1981இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டமும் பெற்றார். தொடக்கத்தில் இதயத்தின் மின்பதிவை ஆராய்ந்தவர், ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மூளைக்கும் செயற்கை அவயவத்துக்கும் நகர்ந்தார். 2018இல் அவரது குழு வெளியிட்ட மின்தோல், செயற்கை விரல்நுனியில் படும் தொடுகையையும் வலியையும் நரம்புத் தூண்டல் மூலம் அணிபவருக்கு உணர்த்தியது. கட்டளையைப் படிப்பது போலவே உணர்வைத் திருப்பி அனுப்புவதும் இன்றியமையாதது. அது இல்லாதவர் பிடித்த பொருளைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இலங்கையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் ருவன் கோபுர இத்துறையில் அறியப்பட்டவர். ஜப்பானின் சாகா பல்கலைக்கழகத்தில் கசுவோ கிகுச்சியுடன் அவர் உருவாக்கி 2009இல் வெளியிட்ட, கைக்கு மேல் அணியும் ரோபோ தசைச் சமிக்ஞையால் இயங்குவது.

இந்த ஆய்வுகளுக்கு வைத்தியசாலைத் தொடர்பு கட்டாயம். முழுக்கை உள்ள மாணவரிடம் நன்றாக வேலை செய்த நிரல், கையிழந்தவரிடம் அதே துல்லியத்தைக் காட்டுவதில்லை. எஞ்சிய கையின் நீளமும் தழும்பும் தசைநிலையும் ஆளுக்கு ஆள் வேறுபடும். பேராதனை போதனா வைத்தியசாலையும் திகண புனர்வாழ்வு வைத்தியசாலையும் அருகிலேயே இருப்பது கண்டி ஆய்வாளருக்குப் பெரும் வசதி. அங்கு பொறியியலாளர், சத்திரசிகிச்சை நிபுணர், இயன்மருத்துவர், அவயவம் பொருத்துபவர் ஆகிய நால்வரும் ஒரே நோயாளியைப் பார்த்த பின்னரே மின்வாய் எந்தத் தசையின் மேல் அமர வேண்டும் என்பதை முடிவு செய்ய முடியும்.